நாற்பத்திரண்டு விரிப்புகளும் ஒரு லோகோவும்

லோகோவில் முதலில் ஓர் அன்னம் மட்டும்தான் இருந்தது. அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. தம்பி அதை வீட்டில் எல்லோருக்கும் காட்டினான், அங்கேதான் பிடித்தது வினை.

"அன்னத்தப் பார்த்தா சலவைக்கடைன்னு எவனுக்குடா தெரியும்? ஓரமா ஒரு இஸ்திரிப் பெட்டி போடு" என்றாள் அக்கா. அவளுடைய கடை, அவள் சொல்லாமல் யார் சொல்வது? துணி ஏற்றி இறக்க வேன் ஓட்டப்போகும் அவள் கணவர், வேன் இல்லாமல் அது என்ன படம் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். மகள் சோப்புக் குமிழி கேட்டாள். சலவை இயந்திரம் மாட்ட வந்த மெக்கானிக், யாரும் கேட்காமலே, "பின்னால ஒரு சூரியன் உதிச்சா இன்னும் எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனார். தம்பிக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. பதினேழு நாள் உட்கார்ந்து அத்தனையையும் உள்ளே திணித்தான். அன்னம் இஸ்திரிப் பெட்டிமேல் ஏறி நின்று அலகால் வேனை இழுக்க, குமிழிகளுக்கு நடுவே சூரியன் உதித்தது.

கடை வாசலின் எட்டடிப் பலகையில் அதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஒருவர் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்து, "பறவை எல்லாம் விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குத் தம்பி தினமும் சவரம் செய்துகொள்வதுதான் கண்ணில் பட்டது. பிஸ்கட் பாக்கெட்டுக்கு உறை வரையும் வேலையில் இருந்தவன் அவன். கம்பெனி அந்தப் பிரிவையே இழுத்து மூடியதும் எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சாப்பிடக் கூப்பிட்டால்கூட மூன்றாவது குரலுக்குத்தான் திரும்புவான். கடைக்கு லோகோ வேண்டும் என்று அவள் சொன்ன அன்றுதான் எழுந்து உட்கார்ந்தான். இந்த நிலையில் அன்னத்துக்குக் கழுத்து ஏழு முழம் இருந்தாலும் அவள் குறை சொல்லியிருக்க மாட்டாள்.

பத்தொன்பது வருடம் இன்னொருவர் சலவைக்கடையில் இஸ்திரி போட்டு நிமிராமல் நின்றவளுக்குச் சொந்தக் கடையின் முதல் பெரிய வேலை ஒரு ஹோட்டலிலிருந்து வந்தது. வெள்ளை மேசைவிரிப்புகள், நாற்பத்திரண்டு. வெளுத்துக் கொடுப்பது பிடித்திருந்தால் வாரா வாரம் வேலை உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஹோட்டல் மூன்று கடைகளுக்குத் துணி கொடுக்கிறது, கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு கடையும் மூலையில் தன் அடையாளம் போட வேண்டும். தம்பி பெருமையோடு தன் லோகோவைக் கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கினான். அந்த வடிவத்தில் வெட்டிச் சூடு வைத்து ஒட்டும் நாடா ஒற்றை நிறத்தில்தான் கிடைக்கும். அன்றைக்குக் கிடைத்தது பழுப்பு.

மறுநாள் காலை ஹோட்டலில் துணிக்குப் பொறுப்பான மேடம் போனில் கத்தினார். "என்னம்மா இது? நாப்பத்திரண்டு குடுத்தா நாப்பத்திரண்டுலயும் கறை! அதுவும் எல்லாத்துலயும் ஒரே மூலைல. அளவெடுத்துக் கறை பண்ணினீங்களா?"

அக்கா விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். ஹோட்டலின் பின்கட்டில் இரண்டு பேர் பிரஷ் வைத்து மாங்கு மாங்கென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "எதப் போட்டாலும் போகல மேடம். ரொம்ப வைராக்கியம் புடிச்ச கறையா இருக்கு" என்றார் ஒருவர்.

"அது கறை இல்லைங்க" என்றாள் அக்கா. "எங்க லோகோ."

பிரஷ்கள் நின்றன. மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இது என்ன, கரப்பானா?"

"அன்னம்ங்க."

"பக்கத்துல?"

"வேன்."

மேடம் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் விரிப்பைத் தடவி, "வெளுப்பு நல்லாத்தான் இருக்கு. மடிப்பும் கத்தி மாதிரி இருக்கு. இத எடுத்துட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள வேற அடையாளம் போட்டுக் கொண்டாங்க. தள்ளி நின்னு பார்த்தாலும் உங்க துணின்னு தெரியணும், அவ்ளோதான். இல்லன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்" என்றார்.

வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பங்கு என்றால், வீட்டில் போய் என்ன சொல்வது என்ற பயம் மூன்று பங்கு. வேனில் வரும்போது கணவரிடம், "நீங்க சொல்லுங்களேன்" என்றாள். "வேன் போடச் சொன்னதே நான்தான். நான் எந்த வாயால சொல்றது?" என்று அவர் சாலையைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் தம்பி வாசலிலேயே நின்றான். "என்னக்கா, பிடிச்சிருந்துச்சாமா?"

"நாடா சரியில்லையாம். கொஞ்சம் மங்கலா விழுந்துருக்காம்."

"அவ்ளோதானே? கோட்டை இன்னும் தடிமனாக்கி, சுத்தி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள்ள நீர்த்துளி..."

"டேய், போதும்டா!" அவளையும் மீறி வந்துவிட்டது. "அதப் பார்த்தா கறை மாதிரி இருக்கு. ரெண்டு பேரு பிரஷ் வச்சுத் தேய்ச்சாங்க."

தம்பி அப்படியே திரும்பினான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் அவன் சவரம் செய்துகொள்ளவில்லை. அக்காவுக்குத் தன் நாக்கை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைக்கலாம் போலிருந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை யாருக்காகவும் காத்திருக்காது. சூடு காட்டி நாற்பத்திரண்டு கறைகளையும் உரித்தெடுத்தாள். அடையாளத்துக்கு வேறு வழி தெரியாமல், பழைய கடையில் சில துணிகளில் மட்டும் யாருக்கும் தெரியாமல் போட்டுவந்ததையே போட்டாள். நீல நூலில் ஒரு நீளத் தையல், அதை ஒட்டி ஒரு குட்டித் தையல். சாப்பாட்டு மேசையில் விரிப்புகளைக் குவித்துக்கொண்டு அவள் தைத்துக்கொண்டிருந்தபோது, டீக்காக எழுந்து வந்த தம்பி நின்றான்.

"அது என்ன?"

"ஒண்ணுமில்லடா. சும்மா ஒரு அடையாளம்."

அவன் ஒரு விரிப்பை எடுத்தான். சுவரோரம் போய்ப் பார்த்தான். அறையின் மறுகோடிக்குப் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தான். தலைகீழாகத் திருப்பினான். பிறகு விடுவிடுவென்று அறைக்குள் போய் ஐந்தாறு சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து காலரைத் திருப்பினான். எல்லாவற்றிலும் உள்பக்கம் நீல நூலில் ஒரு நீளமும் ஒரு குட்டியும் இருந்தன.

"இத நான் சட்டைக் கம்பெனியோட லோகோன்னு நெனச்சிட்டிருந்தேன்கா" என்றான். "எந்தக் கடைல வாங்கினாலும் அதே கம்பெனிச் சட்டையா அமையுதேன்னு ஆச்சரியமா வேற இருக்கும்."

அக்கா சிரித்துச் சிரித்து ஊசியைக் கீழே போட்டாள். "நீ எல்லாம் ஒரு லோகோ வரையற ஆளு!"

"எதுக்கு இத ஆரம்பிச்ச?"

"உன் ஸ்கூல் சட்டைய முதலாளிக்குத் தெரியாம கடைத் துணியோட துணியா போட்டு வெளுப்பேன். கலந்துடக் கூடாதுல்ல. நெட்டை நான், குட்டை நீ. அப்ப நீ என் தோளுக்குத்தான் இருந்த. அப்புறம் கை பழகிடுச்சு, உன் சட்டை எல்லாத்துலயும் போட்டுட்டேன்."

தம்பி காலரைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான். "அப்ப நான் வரைய ஒண்ணும் இல்லியேக்கா" என்றான்.

"ஏன் இல்ல? எனக்குத் தைக்கத்தான் தெரியும். ஒண்ணு நேரா விழும், ஒண்ணு கோணும். எட்டடிப் பலகைல எப்படி நிக்கணும், நகத்தளவுல எப்படி நிக்கணும், அது உனக்குத்தானே தெரியும்?"

டீ ஆறிப்போனது. அவன் ஸ்கேலை எடுத்துவிட்டான். இரண்டு கோடுகள்தான், அவற்றுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதற்கே இரண்டு நாள் எடுத்தான். பெரிதாக்கிப் பார்த்தான், சுருக்கிப் பார்த்தான், ஈரத் துணியில் வைத்துப் பார்த்தான். மகள் வந்து குமிழி கேட்டாள். "முடியாது" என்றான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டு வீடே திரும்பிப் பார்த்தது.

அவன் அளந்து கொடுத்தபடியே அக்கா நாற்பத்திரண்டிலும் தைத்து முடித்தாள். வெள்ளிக்கிழமை வேன் ஹோட்டல் பின்வாசலில் நின்றதும் மேடம் பத்தடி தள்ளி நின்றே பார்த்தார். "ம்" என்றார். அடுத்த மூட்டையை எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். பிரஷ் போட்டுத் தேய்த்த அதே ஆள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "நெட்டை குட்டை வந்தாச்சு மேடம்!" என்றார். யாரும் அவருக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழவழவென்று சவரம் செய்த முகத்தோடு தம்பி ஏணியில் ஏறிப் பலகைக்கு வெள்ளையடித்தான். காய்ந்ததும் இரண்டு நீலக் கோடுகள் போட்டான். பத்தொன்பது வருடம் காலருக்கு உள்ளே ஒளிந்திருந்தது தெருவைப் பார்த்து நின்றது. அக்காவுக்கு அழுகை வந்தது, ஏணியைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

அன்று பறவை விற்கிறீர்களா என்று கேட்ட மனிதர் நடையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். "மிச்சப் படத்த எப்பப்பா போடுவ?"

"முடிஞ்சுதுங்க" என்றான் தம்பி மேலிருந்து.

"அந்த நெட்டைக் கோடு சரி. அந்தக் குட்டை எதுக்கு?"

"அது நான்தாங்க" என்றான் அவன்.