கணுக்காலில் நாலு திருகாணி

சாஜிதா பேகம் அந்தச் செயற்கைக் காலை மேஜைமேல் கிடத்தி, கணுக்காலைச் சுற்றியிருந்த நாலு திருகாணிகளையும் உற்றுப் பார்த்தாள். போன வாரம் ஒவ்வொரு திருகாணியின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை வெள்ளைப் பெயின்டில் மெல்லிய கோடு இழுத்துவிட்டிருந்தாள். இப்போது முன்னாலும் பின்னாலும் அந்தக் கோடு முறிந்து விலகியிருந்தது. திருகாணி தானாகத் தளர்ந்திருந்தால் ஒரு பக்கம்தான் தளரும். இங்கே ஒன்றைத் தளர்த்தி, எதிரிலிருப்பதை இறுக்கியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்த கை.

மூன்றாவது தடவையாக இப்படி நடக்கிறது.

காலுக்குச் சொந்தக்காரர் நரசிம்மலு எதிரே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சூலூரில் சொந்தமாக விசைத்தறி ஓட்டுகிறவர். சர்க்கரையில் பாதத்துப் புண் ஆறாமல் போய், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதமாக, சிங்காநல்லூரில் சாஜிதா நடத்தும் செயற்கைக் கால் மையத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவரை ஷூவோடு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டு, பக்கவாட்டிலிருந்து பார்த்து, திருகாணிகளைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிச் சரிசெய்து அனுப்புவாள். போகும்போது நேராக நடப்பார். மறுவாரம் வரும்போது முழங்கால் மடங்கிக்கொண்டே வரும்.

"பின்னாடியிருந்து யாரோ தள்ளற மாதிரியே இருக்குதுங்க அம்மணி."

"இதை யாராச்சும் திருப்புனாங்களாங்க ஐயா?"

"எவன் திருப்புவான்? எங்க தறியில ஒரு போல்ட்டை இறுக்குனா வருசக்கணக்கா நிக்குது. உங்க கைக்கு நிக்கலைன்னு சொல்லுங்க."

"எங்காச்சும் கீழே விழுந்தீங்களா?"

"இல்லீங்களே." பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது. அவருடைய முழங்கையில் உதிர்ந்த பொருக்கின் தடம் தெரிந்தது.

பக்கத்தில் அவர் மனைவி பங்காரம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் சொல்கிறார் என்று சாஜிதா முடிவுகட்டினாள். ஒரு பெண்பிள்ளை முடுக்கிய திருகாணி சரியாக இருக்கும் என்று நம்ப முடியாத ஆண்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் போய்த் தன் கணக்குக்கு ஒரு திருப்புத் திருப்பிவிட்டு, கால் சரியில்லை என்று இங்கே வந்து நிற்கிறார். காலை மறுபடி சரிசெய்து மாட்டிவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்குக் காலையில உங்க ஊட்டுக்கு வாரேனுங்க. அங்க எப்படி நடக்கறீங்கன்னு பாக்கோணும்."

"எதுக்குங்க அவ்வளவு தூரம்?" என்றார் நரசிம்மலு. பங்காரம்மாவின் விரல்கள் பையின் காதை முறுக்கின. இரண்டு பேருக்குமே அவள் வருவது பிடிக்கவில்லை என்பது சாஜிதாவின் சந்தேகத்தை இன்னும் கெட்டிப்படுத்தியது.

மறுநாள் ஸ்கூட்டரில் சூலூர் போனாள். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். வீட்டுக்குள் போகாமல் நேரே அங்கே நுழைந்தாள். தறிகளின் இரைச்சலுக்கு நடுவே, அவற்றைப் பழுதுபார்க்கும் பிட்டர் பிரவின்குமார் குனிந்து வேலையாக இருந்தார். காதருகே கத்திக் கேட்டாள்.

"ஐயா காலை நான் தொட்டதே இல்லீங்க," என்றவர், வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆனா ஒரு மாசமா நாலு எம்எம் ஆலன் கீ ஒண்ணைக் காணமுங்க," என்றார்.

கணுக்கால் திருகாணியைத் திருப்பும் சாவிக்கும் அதே அளவுதான். சாஜிதாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கோபத்தோடு வீட்டு வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

நரசிம்மலு கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து எழுந்து வந்தார். கையில் தடி இல்லை. முழங்கால் மடங்கவில்லை. ரப்பர் பாதம் டைல்ஸ்மேல் சமமாகப் பதிந்து பதிந்து வந்தது. சாஜிதா திகைத்தாள். நேற்று அவள் வைத்த கோணத்துக்கு ஷூ இல்லாமல் இப்படி நடக்கவே முடியாது.

"ஷூ எங்கீங்க?"

"ஊட்டுக்குள்ள ஆருங்க செருப்பு போடுவாங்க? அங்க சாமி ரூம் இருக்குது."

சாஜிதா குனிந்து தன் வெறுங்கால்களைப் பார்த்தாள். முகம் சுட்டது. எப்போதும் ஷூவோடுதான் நடக்கணும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்புகிறவள், வீட்டுக்குள் என்ன செய்வீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அரை அங்குலக் குதிகாலுள்ள ஷூவுக்கு வைத்த கோணம் அது. ஷூவைக் கழற்றினால் குதிகால் இறங்கி, கால் பின்னால் சாயும்.

ஆனாலும் திருப்பியவர் யார் என்பது இருக்கிறதே. "அப்ப நீங்கதான திருப்புனீங்க, ஐயா?"

"காரமடை ரங்கநாதர் மேல சத்தியமா இல்லீங்க!" அவர் குரல் கூடத்தில் அதிர்ந்தது.

"அவரு தொடலீங்க. நாந்தான்."

சமையலறை வாசலில் பங்காரம்மா நின்றிருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, காணாமல் போன கீயை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மொத வாரமே சாமி ரூம்புல பின்னாடி சாஞ்சு உழுந்துட்டாருங்க. ஆருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுபோட்டாரு. நீங்க திருப்பறதப் பாத்துட்டுத்தான இருந்தேன்? மத்தியானம் காலைக் கழட்டிவெச்சுட்டுப் படுப்பாரு. அப்ப பின்னால கொஞ்சம், முன்னால கொஞ்சம் திருப்பிவெப்பேன். ஊட்ட உட்டு வெளிய போறதுன்னா உங்ககிட்ட வாரது ஒண்ணுதான். அன்னைக்கு வெடியாலயே மாட்டிக்குவாரு. பழையபடி வெக்க எனக்கு நேரமே கெடைக்காதுங்க."

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?" நரசிம்மலு கேட்டார்.

"ஆள் வெக்கற வரைக்கும் இருவது வருசம் உங்க தறிக்குப் பிட்டரு ஆருங்க?"

சாஜிதாவுக்குக் கோபம் அடங்கவில்லை. "இந்தக் கோணத்துல ஷூ போட்டுப் படி எறங்குனா முழங்கால் மடங்கிக் குப்புற உழுவாருங்க அம்மா. நேத்து எங்க சென்டர் படியில உழுந்திருந்தா?"

பங்காரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "அது எனக்குத் தோணலீங்களே கண்ணு," என்றார் மெதுவாக.

சாஜிதா நரசிம்மலுவை நிற்கவைத்து, அவர் இடுப்பிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். வெறும் பாதத்துக்கு அவளே வைத்திருந்தாலும் அதே இடத்தில்தான் வைத்திருப்பாள்.

"தப்பு எம்மேலயும்தானுங்க," என்றாள். "ஊட்டுல எப்படி நடப்பீங்கன்னு நான் கேட்டிருக்கோணும்."

ஷூவுக்கான கோணத்தைத் திரும்பவும் வைத்தாள். தறிக்கூடத்தில் கிடந்த ரப்பர் துண்டில் ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஒரு கட்டை சீவினாள். வீட்டுக்குள் இருக்கும்போது ரப்பர் பாதத்தின் குதிகாலுக்கு அடியில் அதை வைத்துக்கொள்ள, பங்காரம்மா புதுக் காடாத்துணியில் ஒரு உறை தைத்தார். செருப்பு இல்லை, துணிதான் என்று நரசிம்மலுவுக்கு மனசு சமாதானமாக வேண்டியிருந்தது. தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, சாமி அறை வரைக்கும் போய்த் திரும்பினார். சாயவில்லை.

அன்று முழுக்க அவர் மனைவியிடம் பேசவில்லை. சாயங்காலம்தான் கேட்டாராம்: "இந்த ஊட்டுல எனக்குத் தெரியாம இன்னும் என்னென்ன திருப்பிவெச்சிருக்கறே?"

அடுத்த வாரம் இரண்டு பேரும் சிங்காநல்லூருக்கு வந்தார்கள். நரசிம்மலு கம்பியைப் பிடிக்காமலே நடந்தார். சாஜிதா பங்காரம்மாவைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"என்னம்மா தெரியுது?"

பங்காரம்மா தலையைச் சாய்த்து, அவர் போய்த் திரும்புகிறவரை பார்த்தார். "எடது தோளு கொஞ்சம் எறங்குதுங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் சாஜிதா. பிறகு, "ஐயா, இன்னொருக்கா நடங்க," என்றாள்.