வயதெல்லை முப்பத்தைந்து

கீர்த்திகனுக்கு எல்லா வேலையும் வரும், சொன்ன பேச்சைக் கேட்பது மட்டும் வராது. தேயிலைத் தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை எடுக்க, 2008இல் ஒரு தொண்டு நிறுவனம் எங்களிடம் இணையத்தளம் கேட்டது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒற்றை அறையில் உட்கார்ந்து நானும் அவனும் செய்தோம். வயதெல்லை முப்பது. அந்த முப்பதை அவன் ஒவ்வொரு பக்கத்தின் கணினி நிரலிலும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தான்.

"ஒரு கோப்புல ஒரே தடவ எழுதி வச்சிட்டு, எல்லாப் பக்கமும் அதுல இருந்து எடுத்துக்கிட்டா என்னடா கொறஞ்சா போயிருவ?" என்றேன்.

"வயசெல்லைதானே அக்கா, அது எங்க மாறப் போகுது?"

மாறியது. அடுத்த மாதமே முப்பத்தைந்து ஆக்கினார்கள்.

முகப்புப் பக்கத்தை மட்டும் திருத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டான் கீர்த்திகன் என்ற அந்த மகராசன். அதைப் பார்த்து, நம்பி, நமுனுகுலப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தாள் தவமணி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவள், வயது சரியாக முப்பத்தைந்து. எங்கள் கணினியிலேயே விண்ணப்பிக்க உட்கார வைத்தேன். 'வயது கூடிவிட்டது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த வருசம் விட்டா அவ்வளவுதாங்க," என்றாள் அவள்.

அந்தப் பக்கத்தை நானே திருத்தினேன். விண்ணப்பம் போனது. "மிச்சத்த எல்லாம் இன்னிக்கே ஒரே கோப்புக்குக் கொண்டு வாடா, கெஞ்சிக் கேக்குறேன்," என்றேன் கீர்த்திகனிடம்.

"ஓமக்கா," என்றான். மாலையில், "எல்லாம் மாத்திப்போட்டன்," என்றான்.

கோப்பாவது ஒன்றாவது! பக்கம் பக்கமாகத் திறந்து, கண்ணில் பட்ட முப்பதை எல்லாம் கையாலேயே மாற்றியிருக்கிறான், கடன்காரன். நேர்முகத் தேர்வுக்கு ஆள் தெரிவுசெய்யும் பக்கம் அவன் கண்ணில் படவேயில்லை. அது பழைய முப்பதை வைத்துக்கொண்டு தவமணியைத் தள்ளிவிட்டது. தேர்வும் முடிந்து, இடங்களும் நிரம்பிய பிறகு அவள் வந்து, "எனக்கு மட்டும் ஏங்க கடுதாசி வரல?" என்று கேட்டபோதுதான் தேடிப் பார்த்தோம். தலையில் அடித்துக்கொண்டேன். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

கீர்த்திகன் அன்றைக்குத்தான் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்தான். தவமணி எழுந்து போகவில்லை, அவன் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இனிப் பிழை வராது அக்கா. ஒரு இடத்தில மாத்தினா எல்லா இடமும் மாறும்," என்று அவளிடமும் சொன்னான்.

"அடுத்த வருசம் எனக்கு முப்பத்தாறு தம்பி," என்றாள் தவமணி. "அதையும் அங்கயே மாத்திருவீங்களா?"