சந்திரகலா சொன்னது எது

சந்திரகலாவின் குரல் எனக்கு உண்மையிலேயே நினைவிருக்கிறதா, பிறகு நானாக உண்டாக்கிக்கொண்டதா என்று தெரியவில்லை. நினைவு என்று நான் நம்புவதில் பாதி, அவருடைய கணவர் வந்து கேட்ட பிறகு சேர்ந்ததாக இருக்கலாம்.

அப்போது நானும் ஹனீனும் கூட்டு வடிவமைப்பில் முதுகலை படித்துக்கொண்டிருந்தோம். ஒரு பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களோடு உட்கார்ந்து, அவர்களையும் சேர்த்துக்கொண்டே அதை உருவாக்குவதுதான் படிப்பு. எங்களுக்கு அமைந்தது கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் சென்டர். ரத்தம் சுத்தமாகி முடியும்வரை நோயாளிகள் குளிரில் நடுங்குவார்கள். போர்த்திக்கொண்டால் ஊசி ஏறிய கை மறைந்துவிடும் என்று தாதிகள் போர்வையை விலக்கிவிடுவார்கள்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. யோசனைகளை ஒட்டுத்தாள்களில் எழுதும்போது பெயர் போடுவதில்லை. பெயர் இருந்தால் விரிவுரையாளர் சொன்னதற்கு ஒரு மதிப்பும் நோயாளி சொன்னதற்கு வேறொரு மதிப்பும் வந்துவிடும். நல்ல வழக்கம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கையை அசைக்க முடியாதவர்கள் சொல்லச் சொல்ல ஹனீனே எழுதினாள். எல்லாத் தாளிலும் ஒரே கையெழுத்து.

சந்திரகலா அதிகம் பேசமாட்டார். ஹனீன் பேனாவோடு காத்திருப்பதைப் பார்த்து, "உனக்காகவாச்சும் நான் ஏதாவது சொல்லணும் போல இருக்கே" என்று ஒருநாள் சிரித்தார். அன்று ஏதோ சொல்லவும் செய்தார்.

கைக்கு மட்டும் திறப்பு வைத்து, தோளில் பட்டன் போட்டுக்கொள்ளும் போர்வை ஒன்று உருவானது. அதைக் காட்சிக்கு வைப்பதற்கு முன்பே சந்திரகலா இறந்துபோனார்.

கண்காட்சி பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்தது. போர்வையை ஒரு நாற்காலியில் விரித்து, பின்சுவரில் தாள்களை எல்லாம் ஒட்டியிருந்தோம். நாகையா கிள்ளானிலிருந்து ரயிலில் தனியாக வந்தார். சந்திரகலாவின் வீட்டுக்காரர் என்று அவர் சொல்வதற்குள்ளேயே எனக்கு அடையாளம் தெரிந்தது. சென்டருக்கு வெளியே காரில் காத்திருப்பவர்.

மனைவி என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார். வீட்டில் கேட்டபோது, சுவரில் ஒட்டுவார்கள், நீங்களே வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"எல்லாரும் சேர்ந்து செஞ்சது அங்கிள். ஆன்டியும் இதுல இருக்காங்க" என்றாள் ஹனீன்.

"சரிதாம்மா. அவ சொன்னது எது?"

நான் சுவரைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளிலிருந்து படிக்க ஆரம்பித்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. கீழே சாலையில் யாரோ ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு தாளில் அவர் நின்றுவிட்டார். 'கூட வர்றவங்க பக்கத்துல உட்கார ஒரு ஸ்டூல்.' இடம் போதாது என்று நாங்கள் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவைத்த யோசனை அது.

"இது அவளா?"

தெரியவில்லை என்றேன். ஹனீனும் தெரியவில்லை என்றாள்.

நாகையா அந்தத் தாளை இன்னொரு முறை படித்தார்.

"எனக்கு அந்த ஏர்கோன் குளிர் ஒத்துக்காது. அதான் கார்லயே இருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உள்ள வந்திருப்பேனே" என்றார், சுவரைப் பார்த்தபடி.

தாளின் ஓரம் சுருண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவளுடையது இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, போர்வையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

சென்டரில் பக்கத்து நாற்காலியில் படுத்திருந்த கன்னையா என்ற நோயாளியிடம், சந்திரகலா அன்று சொன்னது என்ன என்று பிறகு விசாரித்தேன். அன்று தூங்கிவிட்டேன் போல என்றார். சில நாள்களில் அந்த வரி சந்திரகலாவின் குரலில் எனக்குக் கேட்கிறது. சில நாள்களில் கன்னையாவின் குரலில்.

ஹனீன் பூச்சோங்கில் ஒரு மரச்சாமான் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறாள். நான் ஒரு கல்லூரியில் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். கன்னையா போன வருடம் இறந்தார். போர்வை கிள்ளான் சென்டரில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, ஸ்டூல் வரவில்லை. நாகையா ஸ்ரீ கெம்பாங்கானில் மகள் வீட்டில் இருக்கிறார்.