வெயிலில் ஓடிய டிரையர்

சித்திரை வெயிலில் துணி காயவைக்க டிரையர் வாங்கியவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். சிரித்தவர்கள் யாரும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இல்லை.

எங்கள் வீடு கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில், ஓர் இரும்பு மில்லுக்குப் பின்னால் இருக்கிறது. மில்லில் உலை எரிந்தால் எங்கள் மாடியில் கரி விழும். எனக்கு வேலை தேர்வாய் கண்டிகையில், பிஸ்கட் பேக் பண்ணும் கம்பெனியில். கோட்டில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தாலும் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு முறை அப்படித் திரும்பி வந்தேன். என்னவோ திருடிப் பிடிபட்டவளைப் போல மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். இனி ஒரு முறை அது நடக்கக் கூடாது என்றுதான் டிரையரை வாங்கினேன்.

பெரிய மெஷின் எல்லாம் இல்லை. கீழே சூடான காற்று ஊதும் சின்னப் பெட்டி. மேலே கம்பி நிறுத்தி, ஜிப் வைத்த துணிக்கூடு. கோட்டை உள்ளே மாட்டி ஜிப்பை இழுத்துவிட்டால் கூடு உப்பிக்கொண்டு நிற்கும். எங்கள் ஒற்றை அறையில் அது ஓடும்போது என் வீட்டுக்காரர் ராபின் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இருந்தாலும் கோட்டு பளிச்சென்று வெளியே வரும்.

"வெயிலு ஓசியில அடிக்குது. நீ கரண்ட்டுல காயவெச்சிக்கினு கீற. இன்னா கொழுப்புடி உனக்கு?" என்றாள் பக்கத்து வீட்டு கங்கம்மாக்கா.

"கரியும் ஓசியிலதாங்க்கா விழுது" என்றேன்.

வீட்டு ஓனர் மணவாளன் அந்த மில்லில் பழைய இரும்பு ஏற்றி இறக்கும் காண்ட்ராக்ட் எடுத்திருப்பவர். மில்லைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. யாரோ கரியைப் பற்றி மனு கொடுத்துவிட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர்கள் பார்க்க வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் மணவாளன் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கிறிஸ்டினா, நாளைக்கு ஆபீசருங்க வராங்க. நம்ம மாடிக்குத்தான் இட்டாரப் போறேன். உன் வெள்ளைத் துணி எல்லாத்தையும் மேல காயப்போட்டுடு. தெருவுலயே உன்னுதுதான் பளிச்சினு கீது."

"அதெல்லாம் டிரையர்ல காஞ்சதுணா."

"அதான் சொல்ல வந்தேன். அந்தப் பொட்டிய கட்டிலுக்கு அடியில தள்ளிடு. கண்ணுல பட்டா எதுக்குனு கேப்பாங்க."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. கரி விழுகிறது என்றுதானே நான் இந்தப் பெட்டியையே வாங்கினேன்? இது வெள்ளையாக வைத்திருக்கும் துணியைக் காட்டியே கரி விழவில்லை என்று சாதிக்கப் பார்க்கிறார்!

"நான் போட மாட்டேன்ணா."

"போடலனா இந்த மாசத்தோட ஊட்டக் காலி பண்ணிடு" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அவர் போனதும் ராபின் ஆரம்பித்தார். "பேஜாரு பண்ணாத கிறிஸ்டி. பாப்பா ஸ்கூலு இங்கதான் கீது. இந்தப் பக்கம் வேற யாரு நமக்கு ஊடு குடுப்பாங்க? ஒரு நாளு துணிதான, போட்டுட்டுப் போயேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் மகள் நடந்தே பள்ளிக்குப் போய்வருகிறாள். அதனால்தான் நான் ஷிப்டுக்குப் போக முடிகிறது. இந்த வீடு போனால் பொன்னேரி வரைக்கும் தேட வேண்டும். எனக்குப் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பயந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா?

மறுநாள் காலையில் மில் ஓடவில்லை. புகைபோக்கி ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நின்றுகொண்டிருந்தது. மணவாளன் சொல்படி அக்கம்பக்கத்துப் பெண்கள் வெள்ளைத் துணிகளைத் துவைத்து எங்கள் மாடியில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் ஈரக் கோட்டு இரண்டையும் டிரையரையும் தூக்கிக்கொண்டு மேலே போனேன். படிக்கட்டு வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, மொட்டை வெயிலில், மாடிக்கு நட்டநடுவில் டிரையரை நிறுத்தி ஓடவிட்டேன்.

"ஏய், பைத்தியமாடி உனக்கு?" என்று கங்கம்மாக்கா ஓடி வந்தாள். அதற்குள் ஆபீசர்கள் மணவாளனோடு படியேறி வந்துவிட்டார்கள்.

முன்னால் வந்த பெண் ஆபீசர் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டார். "இவ்ளோ வெயில்ல இது எதுக்குமா ஓடுது?"

"அந்தப் பொண்ணு ஒரு மாதிரிங்க மேடம், கண்டுக்காதீங்க" என்று மணவாளன் இளித்தார்.

"ஒரு மாதிரியெல்லாம் இல்ல மேடம். என் துணி எப்பவும் இதுலதான் காயுது. மாடியில போட்டா கரி விழும். இன்னிக்கு மில்லு ஓடல. ஓடற அன்னிக்கு வந்து பாருங்க" என்றேன்.

ஆபீசர் கொடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "எல்லாமே வெள்ளைத் துணி. வெயில்ல சாயம் போகாது. அப்புறம் ஏன் எல்லாரும் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருக்கீங்க?"

அப்போதுதான் நாங்களே கவனித்தோம். யாரும் யோசித்துச் செய்யவில்லை, எங்கள் கைக்கு அப்படித்தான் போட வரும். மணவாளனின் சட்டையும் காலர் லேபிள் வெளியே தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கரி பட்டா உள்பக்கம் படட்டும்னுதான் மேடம். மாட்டிக்கினா வெளிய தெரியாதுல்ல?" என்ற கங்கம்மாக்கா, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆபீசர் மணவாளனை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு நாள் சொல்லாமல் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வருவாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது.

கார் கிளம்பிய சத்தம் அடங்கியதும் மணவாளன் என் பக்கம் திரும்பினார். "மாசக் கடைசியில சாவி என் கைக்கு வந்துடணும்."

"குடுத்துடறேன்ணா. ஊடு உங்களுது. துணி எங்களுது. எங்க துணிய வெச்சி நீங்க பொய் சொல்லக் கூடாது."

அவர் குனிந்து டிரையரின் வயரைப் பிடுங்கப் போனார். நான் எட்டு வைப்பதற்குள் கங்கம்மாக்கா குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"கைய எடு நைனா. அவ வேலைக்குப் போவணும், கோட்டு இன்னும் காயல."