வெளிச்சம் இருக்கும்போதே

காளான் அறைக்குள் அவளிடம் ஏதாவது பேச வேண்டுமென்றால் அவன் டார்ச்சைத் தன் மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். தையல்காரிக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். வெளிச்சம் பட்டால் காளான் நிறம் மாறிவிடும் என்று முதலாளி பட்டப்பகலிலும் விளக்குப் போட விடமாட்டார். ஆகவே பேய்க்கதை சொல்கிற ஆள் மாதிரி கீழிருந்து முகத்தில் ஒளியடித்து ஒரு பேச்சு பேசுவான். பிறகு டார்ச்சை அவள் கைகள் பக்கம் திருப்புவான். காளான் பறிக்க வந்த பிறகும் தையல் காலத்து நேர்த்தி போகாத அந்தக் கைகள் காற்றில் பதில் சொல்லும். ஆரம்பத்தில் தப்புத் தப்பாகப் புரிந்துகொண்டு அவளைச் சிரிக்க வைத்தான். இப்போது விரல் எழும்போதே விஷயம் பிடிபட்டுவிடும்.

சுற்றிலும் தட்டுத் தட்டாக வெள்ளைத் தலைகள் இருட்டில் மிதந்தன. எங்கோ ஈரம் சொட்டியது. உள்ளே வந்துவிட்டால் அவனுக்கு வயது, கடிகாரம், வெளியே இருக்கிற ஊர் எல்லாமே மறந்துபோகும். எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பவன் அவன். மனைவி இறந்து பல வருடம் கழித்து, இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று தங்கை கெஞ்சியபோதும் அதே பதில்தான். கூட வேலை செய்பவர்கள் அவனுக்குப் ‘பார்க்கலாம்’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

டார்ச்சுக்கும் அதே கதிதான். “சாதா செல்லுன்னா மஞ்சளாகி, மங்கி, சொல்லிட்டுப் போகும். இந்த சார்ஜ் செல்லு கடைசி வரைக்கும் பளிச்சுனு எரியும், அப்புறம் சொல்லாம கொள்ளாம போயிடும். வெளிச்சம் நல்லா இருக்கறப்பவே மாத்திடுங்க” என்று எலக்ட்ரீஷியன் எத்தனையோ தடவை சொல்லியிருந்தான். முழுக்கத் தீராமல் சார்ஜ் போட்டால் செல் கெட்டுவிடும் என்று இவனுக்கு ஒரு பிடிவாதம். அணைகிற வரை மாற்றமாட்டான்.

நாளை காலை தையல்காரி தன் அக்கா வீட்டோடு போய்விடப் போகிறாள். அக்காவே வந்து கூட்டிப்போகிறாள். இனி இவள் திரும்பி வரமாட்டாள். இன்று கேட்காவிட்டால் பிறகு கேட்கவே முடியாது என்பது அவனுக்கும் தெரியும்.

“பெட்டியெல்லாம் கட்டியாச்சா?”

ஆச்சு என்றன கைகள்.

“பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காருங்க. காத்து வரும்.”

அவள் கூடையைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து எதையோ மென்று முழுங்குகிறீர்களே, என்ன அது என்று கைகள் கேட்டன. வெளிச்சம் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்தே, இன்னும் நேரமிருக்கிறது என்று இதுவரை ஏமாந்திருந்தான். டார்ச்சை மோவாய்க்குக் கொண்டுபோனான்.

“நாளைக்கு நீங்க...”

டார்ச் அணைந்தது.

வாய் நிற்கவில்லை. “போக வேணாம். எங்கூடவே இருந்துடுங்க” என்று திக்காமல் திணறாமல் சொல்லி முடித்தான். இவ்வளவு அழகாகச் சொல்ல வருமென்று அவனுக்கே தெரியாது. கேட்டது காளான்கள் மட்டும்தான்.

சார்ஜ் ஏறிய செல்கள் ஆபீஸ் அறையில் இருந்தன. இதோ வருகிறேன் என்று அவளிடம் சொல்லக்கூட வழியில்லை. போய் வெளிச்சத்தோடு திரும்பினால் மறுபடி பஸ்ஸைப் பற்றித்தான் பேசுவோம் என்று தோன்றியது. அவமானமாக இருந்தது.

அப்போது ஒரு கை அவன் சட்டையைத் தொட்டது. தோளுக்கு ஏறி, கழுத்தைக் கடந்து, மோவாயைத் தடவி, உதட்டில் வந்து நின்றது. ஈரமண் வாசனை. விரல்கள் உதட்டை மெல்லத் தட்டின. சொல்லுங்கள்.

“போக வேணாம்” என்றான். “எங்கூட... எங்கூடவே இருந்துடுங்க.”

விரல்கள் அசையவில்லை. இன்னொரு முறை, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

கை விலகியது. இருட்டில் துணி உரசும் சத்தம் கேட்டது. அவள் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். ஆமாம் என்பதற்கோ இல்லை என்பதற்கோ இவ்வளவு நேரம் ஆகாது. என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், நிறுத்தாமல். அந்தக் கைகள் கிளப்பிய காற்று அவன் முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் காற்றுக்குள் தன் இரண்டு கைகளையும் நீட்டினான்.