நாற்பத்தொரு கவர்கள்

எங்கள் ஆவணக் காப்பகத்தில் எனக்குப் பட்டப்பெயர் கத்தரிக்கோல். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் வாசல் காவலாளியிலிருந்து மேலதிகாரி வரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். குடும்பங்கள் கொண்டுவந்து கொட்டும் பெட்டிகளைப் பிரித்து, துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கி, ரப்பர் வளையங்களை அறுத்து, மடித்த கடிதங்களை நீவி, அட்டை உறையில் போட்டு வைப்பது என் வேலை. கடிதம் வந்த கவர்களைக் கூடையில் போடுவதும் என் வேலைதான். கவருக்கெல்லாம் இடம் கொடுத்தால் அலமாரி தாங்காது. கவரின் மேல் யாராவது ஏதாவது குறித்து வைத்திருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. இருபத்தேழு வருடமாக அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்தேன்.

அந்த அம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். அறுபது வயது இருக்கும். தோளில் துணிப்பை, கையில் நாலாக மடித்த ஒரு தாள். விரித்துக் காட்டினார். நாங்கள் அச்சடித்துக் கொடுத்த பட்டியல்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். "மகள் தந்தைக்கு எழுதிய கடிதம், 4 பக்கம்."

"அந்த மகள் நான்தான் மேடம். என் தம்பி வீட்டை விக்கும்போது அப்பாவோட பெட்டியெல்லாம் உங்ககிட்ட கொடுத்திருக்கான். எனக்குப் போன மாசம்தான் சொன்னான். இந்த லெட்டரை நான் பார்க்கலாமா?"

பார்க்கலாம் என்றேன். உட்காரச் சொன்னேன். பெட்டி எண்ணைத் தேட வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. மூன்று வருடத்துக்கு முன் நான் பிரித்து அடுக்கிய பெட்டி அது. அவ்வளவு லேசில் மறக்கிற பெட்டியும் இல்லை.

அவருடைய அப்பா ஆற்று நீர்மட்டம் அளந்தவர். பாலத்தடியில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைக் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் போய்ப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க எழுதினார். ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் சொந்தமாக நோட்டு வாங்கி எழுதினார். அந்த நோட்டுகளுக்காகத்தான் நாங்கள் பெட்டிகளை வாங்கினோம். கூடவே வீட்டுக் கடிதங்களும் மனு நகல்களும் வந்தன. மனுக்கள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவை. அளவுக் கம்பம் சாய்ந்துவிட்டது, தயவுசெய்து சோதிக்கவும். பதினான்கு வருடம் இதையே எழுதியிருக்கிறார். கம்பம் நேராகத்தான் இருக்கிறது என்று துறையும் சளைக்காமல் பதில் போட்டிருக்கிறது. அடுக்கும்போது "சரியான பிடிவாதக்காரர்" என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மகளின் கடிதத்தைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவருக்குப் பதினேழு வயதில் ஒரு மழைக்காலம். அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல். "சாயந்திர மட்டத்தை நீ போய்ப் பார்த்து எழுதிடும்மா" என்று அனுப்பியிருக்கிறார். மகள் பாலத்துக்குப் போகவில்லை. மழைக்கு ஒதுங்கித் தோழி வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு, காலை எண்ணோடு கொஞ்சம் கூட்டி, மனதுக்குத் தோன்றியதை எழுதிவிட்டார். அந்த எண்ணை நம்பி யாரும் தெருவை எச்சரிக்கவில்லை. விடிவதற்குள் ஆறு கரையைத் தாண்டி ஒரு தெரு முழுக்க வீடுகளுக்குள் புகுந்தது. விசாரணை வந்தது. அப்பா மகளைக் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை கேட்டார். போனேன், பார்த்தேன் என்றார் மகள். அதற்குப் பிறகு அந்த மனிதர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மகள் பொய் சொல்ல மாட்டாள், கம்பம்தான் சாய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். பதவி உயர்வு போனது, பெயர் கெட்டது. பதினான்கு வருடம் கம்பத்தோடு மல்லுக்கட்டினார். கல்யாணமாகி வெளியூர் போய்ப் பல வருடம் கழித்து மகள் இத்தனையையும் நாலு பக்கத்தில் எழுதி, மன்னிப்புக் கேட்டு, தபாலில் போட்டிருக்கிறார்.

அந்த நாலு பக்கத்தையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. தாள் மேசையில் பலகைபோலத் தட்டையாகக் கிடந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"இது உங்ககிட்ட வரும்போதே பிரிச்சிருந்ததா மேடம்?"



அது பிரிக்காமல்தான் வந்தது. கடைசி நோட்டில் கடைசியாக எழுதிய பக்கத்தில், நீல நிறத்தில் ஒரு நீளமான கவர். ஒட்டிய பசை ஒட்டியபடி இருந்தது. ஒட்டிய கடிதம் கிடைத்தால் கொடுத்தவரைக் கேட்காமல் பிரிக்கக் கூடாது என்றும் எங்களிடம் ஒரு விதி உண்டு. தம்பிக்காரருக்கு இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மாசக் கடைசி, கணக்குக் காட்ட வேண்டிய பெட்டிகள் இன்னும் ஆறு கிடந்தன. கத்தியை எடுத்து ஒரே இழுப்பில் கிழித்தேன். கடிதத்தை எடுத்தேன், கவரைக் கூடையில் போட்டேன்.

இதை அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புகார் எழுதத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். இவ்வளவு உருகி எழுதிய மகளுக்கு, அப்பா படிக்காமலே போய்விட்டார் என்று எந்த வாயால் சொல்வது என்றும் தோன்றியது. பயம் பாதி, இரக்கம் பாதி. என்னைக் கேட்டால், பயம் பாதிக்கு மேலேயே இருக்கும்.

"பிரிச்சுத்தாம்மா இருந்தது," என்றேன். "அப்பா படிச்சிருக்கார். மடிப்பெல்லாம் எப்படித் தளர்ந்திருக்கு பாருங்க. ஒரு தடவை இல்ல, எடுத்து எடுத்துப் படிச்சிருப்பார்."

வாய் கூசாமல் சொன்னேன். மடிப்பு தளர்ந்ததற்குக் காரணம், நான் அதை இரண்டு நாள் எடைக்கல்லுக்கு அடியில் வைத்திருந்தது.

அவர் அழுவார், எனக்கு நன்றி சொல்வார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"படிச்சுட்டாரா," என்றார். "தபால்ல போட்ட மறுநாளே எனக்கு மனசு கேக்கல மேடம். என்னத்துக்கு எழுதினோம்னு ஆயிடுச்சு. என்னை நம்பித்தானே அந்த மனுஷன் அத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தார்? அதையும் வயசான காலத்துல பிடுங்கணுமா? என் மனசு லேசாகணும்னு அவர் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டேனேன்னு துடிச்சேன். அதுக்குள்ள தம்பி போன் பண்ணிட்டான். காலையில மட்டம் எழுதிட்டு வந்தவர் வாசல்லயே விழுந்துட்டார்னு."

நான் கடிதத்தின் மடிப்பைப் பார்த்தேன்.

"ஓடி வந்தேன். ஒன்பது நாள் இருந்தார். பேச்சு வரல. கண்ணு மட்டும் என் மேலயே இருந்தது. நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் திரும்பும். லெட்டர் வந்துச்சாப்பான்னு கேக்க எனக்கு தைரியம் இல்ல. வீடு பூரா தேடினேன், கிடைக்கல. அந்தப் பார்வை என்ன பார்வைன்னு இருபத்துநாலு வருஷமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன். வந்துட்டியாம்மான்னு பார்த்தாரா, இல்ல, என்னை ஏமாத்திட்டியேன்னு பார்த்தாரா?" பட்டியலை எடுத்து மறுபடி மடித்தார். "ஒருவேளை பிரிக்காமயே கிடக்கும்னு ஒரு நப்பாசையில வந்தேன். பிரிச்சு எண்ணித்தானே நாலு பக்கம்னு போட்டிருப்பீங்க, அதைப் பார்த்தும் வந்தேன் பாருங்க."

தாயே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்! எந்தப் பதிலுக்காக அவர் இத்தனை வருடம் காத்திருந்தாரோ அது என் கையில் இருந்தது. அதைக் குப்பையில் போட்டதும் போதாதென்று, அதற்கு நேர் எதிரானதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

"அக்கா," என்றேன். ஆபீசுக்கு வருகிறவர்களை நான் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. "அக்கா, நான் சொன்னது பொய். உங்க லெட்டர் ஒட்டினபடியே இருந்தது. நான்தான் பிரிச்சேன். அப்பா படிக்கவே இல்ல. சத்தியமா படிக்கல."

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு நொடி ஏதோ வந்தது, உடனே போய்விட்டது.

"அப்ப கவர் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"ஒட்டின கவரைப் பிரிச்சீங்கன்னு எங்கயாவது எழுதி வெச்சிருப்பீங்கல்ல?"

எழுதியிருப்பேன் என்று எனக்கே ஒரு நம்பிக்கை. உள்ளே ஓடி வேலைப் பதிவேட்டை எடுத்துவந்து, அந்த மாதத்தைத் தேடி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். என் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது. "கவர்கள் 41, நீக்கப்பட்டன." நாற்பத்தொன்றில் ஒன்று ஒட்டியிருந்தது என்று எழுத எனக்கு அன்று நேரமில்லை. அந்தக் கவரில் தபால் முத்திரை இருந்திருக்கும், அது வந்து சேர்ந்த தேதி இருந்திருக்கும். விழுந்த அன்று காலைதான் வந்தது என்று அதுவே சொல்லியிருக்கும்.

கடைசி நோட்டைக் கொண்டுவந்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். காலை எண் இருந்தது. மதியத்துக்கான கட்டம் காலி. "இங்கதான் இருந்தது. வழியில தபால்காரர் கொடுத்திருப்பார். வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம்னு நோட்டுக்குள்ள வெச்சிருக்கார். அதுக்குள்ள விழுந்துட்டார். நம்புங்கக்கா."

அவர் அப்பாவின் எண் மேல் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை இனி யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

"நீங்க நல்லவங்கம்மா. நான் உடைஞ்சு போயிட்டேன்னு பார்த்துட்டு மாத்திச் சொல்றீங்க."

"இல்லக்கா, முதல்ல சொன்னதுதான் பொய்!"

"எடுத்து எடுத்துப் படிச்சிருப்பார்னு நீங்கதானே சொன்னீங்க? மடிப்பைக்கூடக் காட்டினீங்களே." குரலில் கோபமே இல்லை. "அப்பாகிட்ட பொய் சொல்லிட்டு அவர் முகத்தைப் பார்த்துட்டு நின்னவ நான். இரக்கப்பட்டுச் சொல்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? விடுங்க. உங்க மேல தப்பு இல்ல."

என் மேல்தான் தப்பு என்று கத்த வேண்டும்போல இருந்தது. இரண்டாவது தடவையும் சொன்னேன், மூன்றாவது தடவையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது அவரைத் தேற்றுவதற்காகச் சொல்வதுபோலவே எனக்கும் கேட்டது. உண்மையைச் சொல்லும்போது நம்ப வைக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. காகிதத்தைக் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

நகல் ஒன்று வேண்டும் என்றார். கடிதத்துக்கா என்றேன். அது வேண்டாம், நோட்டின் கடைசிப் பக்கம் போதும் என்றார். இயந்திரத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தேன். முதல் நகல் கோணலாக வந்தது, இன்னொன்று எடுத்தேன். அவர் அதை மூன்றாக மடித்தார். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தார். பைக்குள் வைக்கப் போனவர், கசங்கிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, நிறுத்தினார்.

"ஒரு கவர் இருக்குமாம்மா?"

இருந்தது. என் மேசை இழுப்பறை நிறையப் புதுக் கவர்கள். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் நகலை உள்ளே வைத்தார். கவரை ஒட்டவில்லை.