ஒன்பது அடி மாப்பிள்ளை

லிப்ட் மெக்கானிக்கின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அவருடைய மாமியார் பார்க்கும்போது மட்டும் ஒன்பது அடி. கம்பெனியின் மருத்துவச் சோதனைக் காகிதத்தில் முதல் அளவுதான் இருக்கிறது, ஏனென்றால் அன்றைக்கு மாமியாரை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. இரண்டாவது அளவுக்குத் தெருவே சாட்சி. மாமியார் திரும்பினால் போதும், மெக்கானிக்கின் பேன்ட் முழங்காலுக்கு ஏறும், சட்டைப் பொத்தான்கள் தெறிக்கும், தலை மின்விசிறிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதனால் மாமியார் வீட்டுக்கு வந்தால் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். மரியாதை தெரியாத மாப்பிள்ளை என்று புதிதாகக் குடிவந்தவர்கள் முணுமுணுப்பதுண்டு. மாமியாரே அவர்களுக்கு விஷயத்தை விளக்கி அனுப்பிவைப்பார்.

மாமியாருக்குத் தையல் தொழில். ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் கடை. முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அளவு நாடாவைத் தொட்டதில்லை. ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியை வெட்டினால் அது உடம்போடு பிறந்த மாதிரி பொருந்தும். அந்தக் கண் தப்பியதாக எந்த வாடிக்கையாளரும் திரும்பி வந்ததில்லை. ஆகவே அவர் ஒருவரை ஒன்பது அடி என்று பார்த்துவிட்டால், அந்த ஆளின் உடம்பு அதற்கேற்ப நடந்துகொள்வதைத் தவிர வேறு என்ன செய்யும்?

அவர் அப்படிப் பார்த்தது பதினோரு வருடத்துக்கு முன்னால். தைத்த துணிகளோடு மேலே போனவர், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிப்ட் நின்றுபோய் நாற்பது நிமிடம் கும்மிருட்டில் மாட்டிக்கொண்டார். தட்டினார், கத்தினார், கடைசியில் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். திடீரென்று தலைக்கு மேலே மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு ஜோடி பூட்ஸ். பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு தோள். முகம் வந்து சேர்வதற்குள் கழுத்து வலித்துவிட்டது. அந்த ஆள் கையைக் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார். ஆறே மாதத்தில் மாமியார் தன் மகளைக் கட்டிக்கொடுத்தார். மகளுக்கும் ஆட்சேபணை இல்லை. அவளுக்கு ஐந்தடி மூன்று அங்குலமே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் அமர்க்களமானவை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஏணி தேடுகிற பழக்கமே போய்விட்டது. ஒரு நாற்காலியைப் போட்டு மாமியாரை உட்காரவைத்து, கொஞ்சம் மாப்பிள்ளையைப் பாருங்கம்மா என்றால் வேலை முடிந்தது. வெள்ளம் வந்த வருடம் மாமியார் எதிர்வீட்டு மொட்டைமாடியில் நின்று கண்கொட்டாமல் பார்க்க, மெக்கானிக் மார்பளவுத் தண்ணீரில் நின்று முதல் மாடிக்காரர்கள் ஏழு பேரையும் ஒரு தையல் மெஷினையும் தூக்கிப் படகில் இறக்கினார். மாமியார் கண் சிமிட்டும்போதெல்லாம் அவர் ஒரு சாண் இறங்கி ஏறினார், அவ்வளவுதான். தெருவே கைதட்டியது. அவருக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது. ஊரெல்லாம் அண்ணாந்து பார்க்கும்போது யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. லிப்டின் மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன் மாடிக்கு மாடி ‘பழுது’ என்ற பலகையை மாட்டவேண்டும். பிறகு லிப்ட் ஓடும் குழிக்குள் தலையை நீட்டி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று தடவை குரல் கொடுக்கவேண்டும். முதல் நாள் வேலைக்குச் சேருகிறவனுக்கே சொல்லித்தருகிற விதி இது. அன்றைக்கு அவருக்குக் கொலைப்பசி. பலகையும் மாட்டவில்லை, குரலும் கொடுக்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுப் போய் நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் திரும்பியபோதுதான் குழிக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. மாமியாரை இருட்டில் வைத்தவரும் வெளிச்சத்துக்குத் தூக்கியவரும் ஒரே ஆள். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பதினோராம் வருடத்தில் அதே தப்பை அவரோடு வேலை செய்கிற இன்னொரு மெக்கானிக் செய்தார். தடித்த கண்ணாடி போட்டதால் அவருக்குச் சோடாபுட்டி என்று பெயர். உள்ளே மாட்டிக்கொண்டது ஒரு பல் டாக்டர். வெளியே வந்ததும் நாலு பக்கத்துக்குப் புகார் எழுதிவிட்டார். சோடாபுட்டி வேலைக்கே லாயக்கில்லை என்று ஒரு அறிக்கை தயாரித்த மேனேஜர், ஒன்பது அடி ஆளின் கையெழுத்து இருந்தால் மறுபேச்சு இருக்காது என்று அதை மெக்கானிக்கிடம் நீட்டினார்.

மெக்கானிக் அந்தக் காகிதத்தோடு மாமியாரின் கடைக்குப் போய் உட்கார்ந்தார். மாமியார் படித்துப் பார்த்தார்.

“உள்ள ஆள் இருக்காங்களான்னு ஒரு குரல் குடுக்கத் தெரியாதவனெல்லாம் ஒரு மெக்கானிக்கா? தாராளமா கையெழுத்துப் போடுங்க மாப்பிள்ளை. உங்க கால் தூசுக்கு வருவானா அவன்?”

பெருமையோடு நிமிர்ந்து பார்த்தார். உட்கார்ந்த இடத்திலேயே மெக்கானிக்கின் தலை கடையின் மேல்தட்டில் இடித்தது. அந்த வலி தலையில் மட்டும் இல்லை.

“அத்தை, அன்னைக்கு உங்களை உள்ள மாட்டவெச்சதே நான்தான். பலகை மாட்டல. குரல் குடுக்கல. சாப்பிடப் போயிட்டேன்.”

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. மாமியார் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மெக்கானிக் சரசரவென்று இறங்கி ஐந்தடி மூன்று அங்குலத்தில் வந்து நின்றார். அன்றைக்கே அறிக்கையைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்து, தன் பழைய தப்பையும் தனிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். இரண்டு பேரையும் அனுப்பினால் நகரத்தில் பாதி லிப்டுகளை யார் கவனிப்பது என்று யோசித்த மேனேஜர், இரண்டு காகிதத்தையும் மேஜைக்குள் போட்டுப் பூட்டினார்.

சோடாபுட்டியின் வேலை தப்பித்தது. மாமியார்தான் ஒன்பது நாள் மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தெரு கலங்கிப்போனது. இரண்டு விளக்குகள் எரியாமல் கிடந்தன. மெக்கானிக்கின் மனைவி, “இந்த உயரத்துல என்ன குறைச்சல்? நான் பத்து வருஷத்துக்கு மேலா இதோடதான் குடும்பம் நடத்துறேன்,” என்றாள். அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை. ஒன்பது அடி போனதைப் பற்றி அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. அத்தை தன் பக்கம் திரும்பவில்லையே என்பதுதான் வருத்தம்.

பத்தாம் நாள் காலை மாமியார் துணியைப் பார்த்தபடியே பேசினார். “நாளைக்குப் பத்து மணிக்கு அதே லிப்டை அதே இடத்துல நிறுத்துங்க. நான் உள்ள போறேன்.”

“எதுக்கு அத்தை?”

“அளவு தப்புன்னா மறுபடி எடுத்துப் பாக்கணும். அதுதான் தொழில்.”

மறுநாள் மூன்றாம் மாடியில் நிற்க இடமில்லை. படிக்கட்டெல்லாம் தலைகள். மாமியார் மூட்டையோடு உள்ளே போனார். மெக்கானிக் ஆறு மாடியிலும் பலகை மாட்டினார். குழிக்குள் தலையை நீட்டி மூன்று தடவை குரல் கொடுத்தார். மூன்று தடவையும் உள்ளேயிருந்து பதில் வந்தது: “இருக்கேன்.” பிறகு சுவிட்சை அணைத்தார். நாற்பது நிமிடம். கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தலைகீழாக எண்ணியவர்கள்கூடக் கடைசி நிமிடத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் மாடிக் கதவை அவர் சாவி போட்டுத் திறந்தார். கீழே இருட்டிலிருந்து மாமியார் அண்ணாந்து பார்த்தார். பூட்ஸ், முழங்கால், இடுப்பு, தோள், முகம். எதுவும் நடக்கவில்லை. ஐந்தடி மூன்று அங்குலம். கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மெக்கானிக் குனிந்து கையை நீட்டினார், எட்டவில்லை. முட்டி போட்டார், அப்போதும் எட்டவில்லை. முகமெல்லாம் கண்ணீரோடு தரையில் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் உள்ளே விட்டார்.

“மன்னிச்சிருங்க அத்தை. கையைக் குடுங்க.”

மாமியார் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படுத்த வாக்கிலேயே மெக்கானிக் நீள ஆரம்பித்தார். கைகள் மாமியாரின் தோளைத் தாண்டி இறங்கின, கால்கள் பின்பக்கம் நடைபாதையில் ஓடின, கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டு தாண்டிக் குதித்தது, பூட்ஸ் போய் லிப்டுக்கு எதிர்வீட்டுக்காரரின் செருப்பு அலமாரியில் மோதி அதைச் சாய்த்தது. அவர் தூக்க, மாமியார் மூட்டையோடு மேலே வந்து, சேலையை உதறிக்கொண்டு, தரையில் கிடந்த மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாக அளந்தார்.

“அன்னைக்கு ரெண்டு அங்குலம் குறைச்சுல்ல எடுத்துட்டேன்,” என்றார். பிறகு மாப்பிள்ளையின் தலையில் கையை வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கம் கூடியது. மாதாந்திரப் பராமரிப்புக்கு வரும் மெக்கானிக் தரையில் படுத்துக் குழிக்குள் பார்க்கும் நேரத்தில் மாமியாரும் கடையை விட்டு மேலே வந்து போவதால், மூன்றாம் மாடிச் செருப்பு அலமாரியைச் சுவரோரமாக நகர்த்திவைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரரே அதை வழிமொழிந்தார்.